நடுவட்டத்தில் நட்ட முக்காலி

மைதானத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது நடுவட்டத்தில் ஓர் இரும்பு முக்காலி நின்றுகொண்டிருந்தது. கோல்போஸ்ட்டைவிட இரண்டு மடங்கு உயரம் இருக்கும். உச்சியிலிருந்து கயிற்றில் ஓர் இரும்புக் குண்டு தொங்கியது. குண்டுக்கு நேர் கீழே, முந்தின நாள் சுண்ணாம்புப் பொடியில் நாங்கள் வைத்த நடுப்புள்ளி. புள்ளியின் மேல் ரீகன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

அன்று சாயங்காலம் எங்களுக்கு அரையிறுதி.

மதுரையிலிருந்து வந்திருந்த மண் பரிசோதனைக்காரர்கள் வேன் நிழலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவர் என் கழுத்தில் தொங்கிய மாநகராட்சி அட்டையைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"தம்பி, நாங்க கூலிக்கு வந்தவங்க. இங்க குழாயை இறக்கி மண்ணு எடுத்துட்டு வரச் சொன்னாங்க. புள்ளிகூட அனுப்பியிருக்காங்க, பாருங்க" என்று போனை நீட்டினார்.

போனில் வரைபடம். வரைபடத்தில் எங்கள் மைதானம். அதன் நட்டநடுவில் ஒரு சிவப்புப் புள்ளி.

ரீகன் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. "வாலே மேப்பு, ஒன்னத்தான் தேடிக்கிட்டு இருந்தோம். இந்தப் புள்ளி யாரு வச்சது?"

"மாநகராட்சி..."

"மாநகராட்சிக்குக் கையி கெடையாதுலே. எந்தக் கை வச்சுது?"

நான் என் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். சுற்றி நின்ற மொத்த அணியும் சிரித்தது. ரீகன் மட்டும் சிரிக்கவில்லை.

ரீகன் எங்கள் அணித் தலைவன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன், விசைப்படகில் வேலை. நான் ரைட் பேக். அதாவது, பந்து எந்தப் பக்கம் அதிகம் வராதோ அந்தப் பக்கம் பார்த்து என்னை நிறுத்துவார்கள். மற்ற நேரங்களில் மாநகராட்சியில் ஒப்பந்த அடிப்படையில் வரைபடம் போடுகிறவன். 'மேப்பு' என்ற பெயர் அங்கிருந்து வந்தது.

புள்ளி விழும் விதம்

போன வாரம் மழைநீர் வடிகாலைத் தேடி உப்பளக் கரையெல்லாம் அலைந்த கதையைச் சொல்லியிருந்தேன். அந்த வேலை முடிந்த கையோடு கிடைத்ததுதான் இது: புதிதாக ஒரு பள்ளிக்கூடம் கட்ட இடம் பார்ப்பது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நகரமைப்புப் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பியவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? சாக்கடை எங்கே போகிறது என்று பார்ப்பது ஒரு வேலைதான், ஆனால் அதை யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. 'பள்ளிக்கூடம் எங்கே வரவேண்டும் என்று நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். பரோட்டாக் கடையில் சால்னா ஒரு கரண்டி கூடுதலாக விழும்.

தூத்துக்குடி இரண்டு பக்கமாக வளர்ந்துகொண்டிருக்கிறது. பைபாஸுக்கு மேற்கே, கல் நட்டுக் கொடி கட்டிய மனைகள். பைபாஸுக்குக் கிழக்கே, உப்பளத்துக்கும் ஊருக்கும் நடுவே, எங்கள் பகுதி. கடற்கரைத் தெருக்களில் வீடு போதாமல் நகர்ந்து வந்த மீனவக் குடும்பங்களும், உப்பளத்து வேலைக்குப் போகிறவர்களும் இங்கே இருக்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் ஐந்தாம் வகுப்போடு முடிகிற பள்ளிகள் உண்டு. ஆறாம் வகுப்புக்கு இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் வெகு தூரம் போகவேண்டும்.

கையில் இருந்தது ஒரு பள்ளிக்கூடத்துக்கான பணம். இடம் முடிவானால் போதும், அந்தப் பகுதியின் சமுதாயக் கூடத்திலேயே ஜூனில் ஆறாம் வகுப்பைத் தொடங்கிவிடலாம், கட்டடம் பின்னால் வரட்டும் என்று மேலே சொல்லிவிட்டார்கள். அதனால்தான் அவ்வளவு அவசரம்.

மேற்கே ஓர் இடம் தானாக வந்தது. மனை விற்கிற அதிபர் ஒருவர், பள்ளிக்கு அவருடைய அப்பா பெயரை வைத்தால் நிலத்தை இலவசமாகத் தருவதாகச் சொன்னார். சமதளமான நிலம், சுற்றி வேலி, ஒரு வேப்பமரம்கூட இருந்தது.

கிழக்கே, புறம்போக்கில் அந்த அளவுக்குப் பெரிய இடம் ஒன்றே ஒன்றுதான். எங்கள் மைதானம்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த நிலமாக இருந்தாலும் அதன் நடுவில் போய் நின்று புள்ளி எடுக்கவேண்டும். ஓரத்தில் நின்று எடுத்தால் புள்ளி பக்கத்து வீட்டுக்காரர் கொல்லையில் விழுந்து வழக்கு வரும். எனக்கு மைதானத்தின் நடு எது என்று தேடவேண்டிய அவசியமே இல்லை. போய் நின்றேன், எடுத்தேன். அந்தப் புள்ளியின் மேல் முக்காலி வந்து நிற்கும் என்று அப்போது தோன்றவில்லை.

வட்டத்துக்குத் தெரியாத லாரி

பள்ளிக்கு இடம் பார்ப்பதில் முதல் வேலை வட்டம் போடுவது. இடத்தை நடுவில் வைத்து, பிள்ளைகள் நடக்கக்கூடிய தூரத்துக்கு ஒரு வட்டம். வட்டத்துக்குள் எத்தனை வீடு என்று பார்க்கவேண்டும். அதிபரின் இடத்தைச் சுற்றி வட்டம் போட்டால் எங்கள் பகுதியில் பாதி அதற்குள் வந்துவிட்டது. காகிதத்தில் பார்த்தால் அந்த இடத்திலேயே கட்டிவிடலாம்.

ஆனால் அந்த வட்டம் பைபாஸின் மேலேறிப் போகிறது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வட்டத்தைப் பார்த்து வேகத்தைக் குறைப்பதில்லை.

இதைப் பற்றி எனக்கு முதலில் உறைத்தது காயல்பட்டினத்தில். கூடப் படித்த ஃபைசலின் அக்கா நிக்காஹ்வுக்குப் போயிருந்தேன். தெருவில் நின்றால் பெண்களையே காணோம். வீட்டுக்குள் பார்த்தால் வீடு நிறையப் பெண்கள். எப்படி வந்தார்கள் என்று கேட்டேன். வீடுகளுக்குப் பின்னால், இரண்டு சுவர்களுக்கு நடுவே போகிற சந்தைக் காட்டினான். முடுக்கு என்பார்கள். பெண்கள் வீட்டுக்கு வீடு போவதற்கான வழி.

"எங்க தங்கச்சி மத்ரஸாவுக்கும் இதுலதான் போவா. தெரு வழியாப் போனா சுத்து" என்றான் ஃபைசல்.

அவன் உம்மா உள்ளேயிருந்து சத்தம் போட்டார்கள். "ஏன்டாப்பா, கல்யாண வீட்டுக்கு வந்த புள்ளைக்குச் சோத்தப் போடாம சந்தையும் பொந்தையுமா காட்டிக்கிட்டு நிப்பாங்களா?"

ஆட்டுக்கறியும் நெய்ச்சோறும் சாப்பிட்டபடியே யோசித்தேன். என் வரைபடங்களில் முடுக்கு கிடையாது. நான் போட்ட வட்டங்களில் யார் எந்த வழியாகப் போவார்கள் என்ற கேள்வியே கிடையாது.

அதனால் ஊருக்கு வந்ததும் ஒரு காலையில் ரெஜினா அக்காவோடு பைபாஸைக் கடந்து பார்த்தேன். ரெஜினா அக்கா ரீகனின் கூடப்பிறந்த அக்கா. மச்சான் கப்பலில் வேலை பார்க்கிறார். அக்கா மீன் கம்பெனியில் இறால் உரிக்கப் போகிறார். மகள் ஷைனி அந்த வருடம்தான் ஐந்தாம் வகுப்பை முடித்திருந்தாள்.

சாலையின் நடுவே இருக்கும் தடுப்புச் சுவரில் ஓரிடத்தில் யாரோ கல் அடுக்கிப் படி மாதிரி செய்திருக்கிறார்கள். அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதன்மேல் ஏறி நின்றார். இரண்டு லாரிகள் போனபின் "ஓடுலே!" என்றார். ஓடினேன். மறுபக்கம் போய்த் திரும்பிப் பார்த்தபோது அக்கா இன்னும் தடுப்பின் மேலேயே நின்றுகொண்டிருந்தார். இடையில் ஒரு டேங்கர் வந்துவிட்டது. அது கடந்து போகிற வரைக்கும் அவருடைய சேலை மட்டும் காற்றில் தெரிந்தது.

அன்றே கிழக்குதான் சரி என்று குறிப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மேற்கே இருப்பவர்கள் கெட்டவர்கள் என்று நினைக்கவேண்டாம். இடத்தைப் பற்றி மக்களிடம் கேட்கும் முதல் பகுதிசபைக் கூட்டத்தை வேலைநாளில் பதினொரு மணிக்கு வைத்தார்கள். எங்கள் பக்கத்திலிருந்து ஓர் ஆள்கூட வரவில்லை, வர முடியாது. மேற்கிலிருந்து மனை உரிமையாளர் சங்கம் முழுசாக வந்திருந்தது. செயலாளர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். கூட்டம் முடிந்து படியிறங்கும்போது கேட்டேன்.

"சார், உங்க பக்கத்துப் பிள்ளைங்க எல்லாம் மஞ்சள் வேன்லதானே போறாங்க? பள்ளிக்கூடம் வந்தா இதுல சேப்பாங்களா?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "உண்மையச் சொல்லட்டுமா தம்பி? சேக்க மாட்டாங்க. ஆனா பள்ளிக்கூடம் வந்தா ரோடு வரும், லைட்டு வரும், டவுன் பஸ் வரும். எங்களுக்கும் மனுஷன் மாதிரி வாழணும்லா?"

ரோடு கேட்டால் ரோடு வருவதில்லை, பள்ளிக்கூடம் கேட்டால் கூடவே ரோடு வருகிறது. இதை அவரும் படித்துத்தான் வைத்திருந்தார்.

முள் வெட்டிய இடம்

மைதானம் என்று இப்போது சொல்கிறேன். நாங்கள் சின்னவர்களாக இருக்கும்போது அது சீமைக்கருவேலங்காடு. உள்ளே போன ஆடு திரும்பி வந்தால் உடம்பெல்லாம் கீறலோடு வரும்.

ஒரு தடைக்காலத்தில்தான் அதை வெட்டினார்கள். மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்று கோடையில் இரண்டு மாதம் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. படகுகள் கரையில் பெயின்ட்டுக்குக் காத்திருக்கும், ஆண்கள் வீட்டில் சும்மா இருப்பார்கள். சும்மா இருக்கிற ஆண்களை எங்கள் ஊர்ப் பெண்களால் ஒரு வாரத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. 'எங்கனயாவது போயித் தொலைங்க' என்று விரட்டிவிடப்பட்டவர்கள் அரிவாளோடு அந்தக் காட்டுக்குள் புகுந்தார்கள். நாங்கள் முள்ளை இழுத்துப் போட்டோம். என் குதிகாலில் அன்று ஒடிந்த முள் ஒன்று இன்னும் கறுப்பாக உள்ளே கிடக்கிறது.

அதிலிருந்து தடைக்காலம் என்றால் பந்துதான். சுற்றுப்பட்டுக் கடற்கரை ஊர்களிலிருந்தெல்லாம் அணிகள் வரும். ஒரு பக்கம் உப்பளத்துப் பாத்திகள். அந்தப் பக்கம் பந்து போனால் உப்புநீரில் விழுந்து கனத்துத் திரும்பும். இன்னொரு பக்கம் ரோடு. தடைக்காலம் முடிந்து படகு இறங்கிவிட்டால், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் ஆட்டம். ஞாயிறு எங்கள் ஆட்கள் கடலுக்குப் போவதில்லை. காலையில் பூசை, சாயங்காலம் பந்து.

ரீகன் அந்தப் புள்ளியின் மேல் உட்கார்ந்ததற்கு இவ்வளவு இருக்கிறது.

அன்றைக்கு எங்கள் பொறியாளர் முத்துலட்சுமி மேடத்துக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "செமிஃபைனலா? ஏன்ப்பா முன்னாடியே சொல்லல?" என்றவர், முக்காலியைக் கழற்றிக்கொண்டு வேறொரு நாள் வரச் சொன்னார். போகும்போது அதன் கால்கள் நடுவட்டத்தில் மூன்று குழிகளை விட்டுவிட்டுப் போயின. அரையிறுதியில் அதில் ஒரு குழியில் பட்டுத் திசைமாறிய பந்தில்தான் நாங்கள் கோல் போட்டு ஜெயித்தோம். அதற்காகவும் ரீகன் மாநகராட்சிக்கு நன்றி சொல்லவில்லை.

அடுப்படி வழக்கு

ஆட்டம் முடிந்த அன்று ராத்திரியே ரெஜினா அக்கா வீட்டில் வழக்கு நடந்தது. அடுப்படி வாசலில் அக்கா சாளை மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தார். ரீகன் கழற்றிய பூட்ஸோடு தரையில் உட்கார்ந்திருந்தான். நான் நிலைப்படியில். யார் பக்கமும் சாயாமல் இருக்க அதுதான் வசதியான இடம்.

"குழாய் மேல உக்காந்து மறியல் பண்ணுனியாமே. தெருவே சிரிக்கு" என்று அக்கா ஆரம்பித்தார்.

"கிரவுண்ட எடுத்துட்டா நாங்க எங்கன போயி ஆட?"

"கடல்ல போயி ஆடு."

"அந்தப் பிளாட்டுக்காரன் எடந்தான் சும்மாக் கெடக்கே. அங்கன கட்டட்டும்."

"பைபாஸ யாரு தாண்டுவா? நீ லாஞ்சுல ஏத்திக் கொண்டுபோயி விடுவியா?"

"எல்லாப் பிள்ளையளும் தாண்டத்தான செய்யி?"

அக்கா கத்தியைக் கீழே வைத்தார். "தாண்டுது. இவளையும் தாண்ட விட்டுட்டு, 'போய்ச் சேந்துட்டா'ன்னு ஒரு போன் வார வரைக்கும் நான் எறாலு உரிக்க முடியுமாலே? எறாலுதான் என்னைய உரிக்கும். தாண்ட விட மாட்டேன். அஞ்சோட நிறுத்திருவேன். எழுதி வச்சுக்கோ."

உள்ளே ஷைனி தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தது கேட்டது.

ரீகன் பூட்ஸ் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா விடவில்லை.

"ஒனக்குப் பந்து ரெண்டு மாசம். அந்த ரெண்டு மாசமும் பள்ளிக்கூடம் லீவு. ஞாயித்துக்கிழமையும் லீவு. மத்த நாளு நீ கடல்ல கெடப்ப. நீ வராத அன்னைக்கு அவ வருவா, அவ வராத அன்னைக்கு நீ வா. இதுக்கு எதுக்கு ஒனக்கு மறியலு?"

ரீகன் சட்டென்று தலையைத் தூக்கினான். "ஏன்க்கா, லீவு விட்டா பிள்ளையளு வீட்டுக்குப் போவும். கட்டடம் எந்திரிச்சி எங்க போவும்? கிரவுண்டுக்கு நடுவுலல்லா வைக்கானுவ!"

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"நடுவுல வைக்கணும்னு யாரும் சொல்லல" என்றேன்.

"பொறவு புள்ளி ஏம்லே நடுவுல கெடக்கு?"

"புள்ளிய நடுவுலதான் வைப்போம். அது வழக்கம்."

"கட்டடத்த?"

கொஞ்சம் யோசித்தேன். "அதையும் நடுவுலதான் வைப்போம்."

"எதுக்கு?"

தெரியவில்லை. எந்தப் பாடத்திலும் அதைச் சொல்லித்தந்த ஞாபகம் இல்லை. அக்கா மறுபடி கத்தியை எடுத்தார். "மெட்ராஸ் வரைக்கும் போயி நல்லாத்தான் படிச்சிருக்க போ."

பூசைக்குப் பிறகு

இரண்டாவது கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்தபின் சமுதாயக் கூடத்தில் வைக்கச் சொல்லி நானே நச்சரித்து மாற்றினேன். இந்தத் தடவை எங்கள் ஆட்களால் கூடம் நிறைந்தது. கோயிலுக்கு உடுத்திய நல்ல சேலைகளோடு பெண்கள் ஒரு பக்கம். ஆண்கள் சுவரில் சாய்ந்து, வெளியே போகத் தோதாக, கதவுப் பக்கம்.

முத்துலட்சுமி மேடம் விளாத்திகுளத்துக்காரர். கரிசல்காட்டில் பள்ளிக்கு நடந்து போய்ப் படித்தவர். அதிகம் பேசமாட்டார். எதையும் நேராகச் சொல்லிவிடுவார்.

"இந்த வாரக் கடைசியில மாமன்றக் கூட்டம். அதுக்குள்ள நான் ஒண்ணு எழுதணும். ஊர் எதிர்ப்பு இருக்குன்னு எழுதுனா எடம் மேற்கே போயிரும். பொறவு நான் நெனச்சாலும் திருப்ப முடியாது. இப்பச் சொல்லுங்க."

ரீகன் எழுந்தான். "மேடம், பள்ளிக்கூடம் வேண்டாம்னு நான் சொல்லல. எதுக்கு நட்டநடுவுல வைக்கிய?"

எனக்குத் தெரியாத பதிலை மேடம் வைத்திருந்தார். "ஓரத்துல கட்டுனா மிச்ச எடம் யாருக்குன்னு கேப்பான். இன்னைக்கு ஒருத்தன் எருமை கட்டுவான். நாளைக்கு ஒருத்தன் கொட்டாய் போடுவான். பத்து வருஷத்துல பள்ளிக்கூடத்துக்குச் சுவருதான் மிஞ்சும். நடுவுல வச்சாத்தான் நாலு பக்கமும் அதுக்குன்னு நிக்கும். நான் படிச்ச பள்ளிக்கூடம் அப்படித்தான் போச்சு. ஓரத்துல இருந்துச்சு."

எனக்கே அது நியாயமாகப் பட்டது.

ரீகன் விடவில்லை. "மேடம், அந்தக் காட்ட வெட்டுனதுல இருந்து நாங்க அங்கன ஆடுதோம். இத்தனை வருஷத்துல எங்க கோட்டத் தாண்டி எவனாவது ஒரு எருமை கட்டிருக்கானா? ஒரு கொட்டாய்? சொல்லச் சொல்லுங்க. ஒருத்தன் கட்டுமானத்துக்கு மண்ணு தட்ட வந்தான். பந்த அவன் லாரி கண்ணாடி மேலயே அடிச்சோம். பொறவு வரல."

பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். மேடத்தின் உதட்டோரம் லேசாக அசைந்தது. "கண்ணாடி ஒடஞ்சதா?"

"அது நம்ம கணக்கில்ல மேடம்."

மேடம் என்னிடம் கையை நீட்டினார். நான் வரைபடத்தை விரித்துக் காட்டிச் சொன்னேன். உப்பளத்தை ஒட்டிய ஓரம் ஆகாது, அங்கே மண் இளகல், அஸ்திவாரம் நிற்காது. ரோட்டை ஒட்டிய ஓரம் கெட்டித் தரை. அங்கே ஒற்றை வரிசையாக, மாடி வைத்துக் கட்டினால் மீதி இடம் பள்ளிக்கு விளையாட்டுத் திடல். சாயங்காலமும் விடுமுறையிலும் ஊருக்கு.

மேடம் பென்சிலால் ரோட்டோரம் ஒரு கோடு இழுத்தார். ரீகன் குனிந்து பார்த்தான். அவன் எதைப் பார்க்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. அந்தக் கோடு ரோட்டுப் பக்கத்தில் பெரிய பட்டையாக மைதானத்தைத் தின்றிருந்தது. மிச்சத்தில் பதினோரு பேர் ஆட முடியாது.

"செவன்ஸ் ஆடலாம்" என்றேன் மெதுவாக.

"நீ பேசாத" என்றான் ரீகன். அப்புறம் மேடத்திடம், "மொதல்ல ஆடிப் பாக்கணும். அடுத்த ஞாயித்துக்கிழமை ஃபைனலு. இந்த அளவுல ஆடுதோம். ஆட்டம் ஆட்டமா இருந்துச்சுன்னா சரி. இல்லன்னா நானே மாமன்றத்து வாசல்ல வந்து உக்காருவேன்."

"கூட்டம் அதுக்கு முன்னாடி வருதேப்பா."

"அப்ப ஃபைனல முந்தி வைப்போம். புதன்கிழமை. தடைக்காலந்தான, எல்லாவனும் சும்மாத்தான் கெடக்கான்."

பெண்கள் பக்கத்திலிருந்து ரெஜினா அக்காவின் குரல் வந்தது. "சும்மாக் கெடக்கோம்னு அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான், எல்லாரும் கேட்டுக்கிடுங்க."

ஏழு பேர்

புதன்கிழமை மத்தியானமே நானும் ரீகனும் சுண்ணாம்புச் சட்டியோடு போய்விட்டோம். நான் வரைபடத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல அவன் கோடு போட்டான். ரோட்டை ஒட்டிக் கட்டடத்தின் கோடு. அதைத் தள்ளிப் புது ஆட்டக் கோடு. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எடுக்கத் தொடங்கியிருந்த நேரம். போட்ட சுண்ணாம்பில் கொஞ்சம் எங்கள் உதட்டுக்கே வந்தது.

கட்டடக் கோட்டுக்குள் நின்று ரீகன் கேட்டான். "இதுக்குள்ள எது எது வரும்?"

"இந்தப் பக்கம் தலைமை ஆசிரியர் அறை. இதுல இருந்து ஆறாம் வகுப்பு, அடுத்தது ஏழு."

அவன் குச்சியால் அறைக்கு அறை குறுக்குக் கோடு கிழித்துவிட்டான்.

எதிரணி, பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர்கள். ஏழு பேர் ஆட்டம் என்றதும் சண்டை போடுவார்கள் என்று எதிர்பார்த்தோம். அவர்கள் தலைவன் தலையைச் சொறிந்தான். "நல்லதாப் போச்சு. எங்கள்ல மூணு பேரு கல்யாணத்துக்குப் போயிருக்கான். எப்படிச் சொல்லன்னு முழிச்சுக்கிட்டு இருந்தோம்."

ஆட்டத்துக்கு முன்னால் ரீகன் எங்களை வட்டமாக நிறுத்திப் பெயர் சொன்னான். கோல்கீப்பர். ஒருவன், இன்னொருவன். ஆறு பேர் ஆனது. ஏழாவதாகத் தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டினான்.

பதினோரு பேரில் எனக்கு எப்போதும் ஓர் இடம் இருந்தது. ஏழில் ரைட் பேக் என்று ஒன்றே கிடையாது. இருந்தாலும் அது நானாக இருந்திருக்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

"கோச்சுக்காதலே மேப்பு" என்றான் ரீகன். "நீ போட்ட கோடுதான்."

வெளியே வந்து ரோட்டுப் பக்கம் உட்கார்ந்தேன். ஷைனி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மேடமும் வந்திருந்தார், மக்ரூன் பொட்டலம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில். ரெஜினா அக்கா அவருக்குப் பக்கத்தில் நின்று, ஆட்டம் தெரியாத ஒருவருக்கு ஆட்டம் தெரியாத இன்னொருவர் விளக்குவது மாதிரி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் பாதி மோசம். பழைய பெரிய மைதானத்தின் நீளத்துக்கே எல்லோரும் உதைத்தார்கள். பந்து உப்பளத்துக்கும் ரோட்டுக்குமாகப் போய்க்கொண்டே இருந்தது. ரீகன் ஒவ்வொரு தடவையும் பழைய கோடு இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தான். அவன் மாமன்றத்து வாசலில் போய் உட்கார்ந்தால் மேற்குதான். மேற்கு என்றால், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புல்லைப் பிய்த்துக்கொண்டிருக்கிறவள் ஐந்தாம் வகுப்போடு நிற்பாள். அவளும் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, மாமாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அது நடந்தது. எங்கள் பையன் ஒருவன் பந்தை உதைக்காமல் காலடியிலேயே வைத்துத் தள்ளிவிட்டான். ரீகன் வாங்கித் திருப்பினான். அவன் மறுபடி. மூன்று தட்டில் கோல். சின்ன இடத்தில் மட்டுமே வரக்கூடிய கோல். ரீகன் குதிக்கவில்லை. நின்று, தன் காலையும் கோல்போஸ்ட்டையும் மாறிமாறிப் பார்த்தான்.

இடைவேளையில் வியர்வையோடு நேராக மேடத்திடம் வந்தான். நான் எழுந்து பின்னால் போய் நின்றேன்.

"மேடம், சுத்துச் சுவரு வருமா?"

"வரும்."

"கேட்டு?"

"வரும். பூட்டும் வரும்."

"சாவி யாருகிட்ட இருக்கும்?"

மேடம் மக்ரூன் பொட்டலத்தை அவனிடம் நீட்டினார். "ஒண்ணு தலைமை ஆசிரியர்கிட்ட. இன்னொண்ணு யாருகிட்டன்னு நீங்களே கூடிப் பேசிச் சொல்லுங்க. எழுதிக்கிடுதேன்."

அவன் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினான். சாவியைப் பற்றிக் கேட்கிறவன் மறியலுக்கு வரமாட்டான். ரெஜினா அக்காவுக்கும் அது புரிந்திருக்கவேண்டும். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்னா தூசி, சேசுவே" என்றார்.

மாமன்றத்தில் ரோட்டோரப் பள்ளிக்கூடத் தீர்மானம் எந்தச் சண்டையும் இல்லாமல் நிறைவேறியது. மேற்கின் செயலாளர் என்னைப் படிக்கட்டில் பார்த்து, "எங்க ரோட்டுக்கும் ஒரு புள்ளி வைங்க தம்பி" என்றார். வைத்திருக்கிறேன். இன்னும் வரவில்லை. ஜூனில் சமுதாயக் கூடத்தில் ஆறாம் வகுப்பு தொடங்கியது. முக்காலியும் திரும்ப வந்து, ரோட்டோரம் குழாயை இறக்கி மண் எடுத்துக்கொண்டு போனது. இப்போது அந்த இடத்தில் கம்பி கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் அன்று புதன்கிழமை, இரண்டாம் பாதி. நான் திரும்பிப் போய்ப் பழைய இடத்திலேயே உட்கார்ந்தேன். ஷைனி குறுக்குக் கோடுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொன்னாள். நான் தலைமை ஆசிரியர் அறையில் இருந்தேனாம்.

நகர்ந்தேன். எதிரணி அடித்த பந்து ஒன்று கோட்டைத் தாண்டி உருண்டு எங்களை நோக்கி வந்தது. உள்ளேயிருந்து ரீகன் இடுப்பில் கை வைத்துக் கத்தினான்.

"ஏ ஆறாங்கிளாஸு! பந்த எடுத்துப் போடு!"

நான் எழுந்திருப்பதற்குள் ஷைனி ஓடிவிட்டாள்.